சேற்றை யார் அள்ளுவது?

தேனாம்பேட்டை டீக்கடையில் ஒரு மாணவர், நம்ம பத்திரிகை வாசகர்தான், தன் ஆய்வைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். சாயத் தண்ணீரில் களிமண்ணைப் போட்டுக் கலக்கினால் சாயம் களிமண்ணில் ஒட்டிக்கொள்கிறது, மேலே தண்ணீர் தெளிந்துவிடுகிறது. "செலவே இல்ல தோழர்" என்றார். எனக்கும் சந்தோஷந்தான். ஆனாலும் கேட்டேன்: "அடியில தங்குற சேத்த யாரு அள்றது?" டம்ளரை வைத்துவிட்டுச் சிரித்தார். அவரும் நம்ம சேரிக்காரர்தானே.

பென்டோனைட் போன்ற களிமண் அடுக்கடுக்கான நுண்தகடுகளால் ஆனது. அத்தகடுகளில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் மெத்திலீன் நீலம் போன்ற நேர்மின் சாயங்கள் சுலபமாக ஒட்டும். சோதனைச்சாலைக்கு இது தோதானது. ஆனால் பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயங்கள் எதிர்மின் கொண்டவை; வெறும் களிமண் அவற்றைக் கிட்டச் சேர்க்காது (அங்கேயும் விலக்கு!). களிமண்ணை வேதிப்பொருள் கொண்டு பக்குவப்படுத்த வேண்டும். அப்போதும் உப்பு போகாது. துணியில் சாயம் ஏறக் கொட்டுகிற உப்பு அப்படியே தண்ணீரில் கிடக்கும்.

நொய்யலைக் கொன்றதில் நிறத்தைவிட இந்த உப்புக்குத்தான் பங்கு அதிகம். 1992இல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவின் குட்டையானது. ஆயக்கட்டு விவசாயிகள் வழக்காடினார்கள். ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றில் விடக்கூடாது என்பதை 2009இல் உச்சநீதிமன்றமும் உறுதிசெய்தது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர்நீதிமன்றம். நல்ல தீர்ப்புகள்தான். ஆனால் நட்டஈட்டை ஏக்கர் கணக்கில் அளந்தார்கள். அந்த ஏக்கரில் களையெடுத்து, அந்தத் தண்ணியையே குடித்த கூலிக்காரிக்கு எந்த அளவுகோல்?

ஆற்றுக்குப் போகாத கழிவு தொட்டிக்குப் போகிறது. தொட்டி நிறைந்தால் யாரோ இறங்க வேண்டும். யாரோ என்ன யாரோ? 2025 மே மாதம் பல்லடம் பக்கம் கரைப்புதூரில், சாயப்பட்டறை ஒன்றின் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி 3 பேர் மூச்சுத்திணறிச் செத்தார்கள். தலித்துகள். 2013இலேயே சட்டம் வந்தாச்சு. சாயச் சேறோ மலமோ, தொட்டி என்றால் நம்மாளைக் கூப்பிடுகிற பழக்கத்தைத் தெளியவைக்கும் களிமண்ணை எந்தப் பல்கலைக்கழகம் ஆராய்கிறது?

களிமண் சாயத்தை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. அதனால் அந்த மாணவரிடம், ஆய்வேட்டில் இன்னொரு அத்தியாயம் சேர்க்கச் சொன்னேன்: ஆயிரம் லிட்டருக்கு எத்தனை கிலோ சேறு, எந்த இயந்திரம் அள்ளும், எந்த ஊர்ப் பக்கம் கொட்டுவார்கள். நெறியாளர் ஒத்துக்க மாட்டார் என்கிறார். பரவால்ல, எழுதிக் கொண்டுவாங்க தோழர். அடுத்த இதழில் போடுவோம்.