‘தடுப்பு’ என்ற சொல்லைத் தொலைக்காதீர்கள்

நாங்கள் தரம் 6இல் படித்தபோது, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசிக்குப் பெற்றோரின் சம்மதம் கேட்டுக் கடிதம் வந்தது. அந்த நீளமான பெயர் எங்கள் வாயில் ‘புற்றுநோய் ஊசி’ ஆகிவிட்டது. அதைக் கேட்ட என் தோழியின் உம்மம்மா, “நல்லா ஈக்கிற புள்ளக்கி எதுக்கு அந்த நோய ஏத்துற?” என்று பதறினார். கடிதம் கையொப்பமின்றித் திரும்பியது. தோழி இன்றுவரை அந்தத் தடுப்பூசியைப் பெறவில்லை.

உம்மம்மா மீது பிழையில்லை. சொல்லைச் சுருக்கிய நாங்களே பிழை செய்தோம்.

நோய் வந்தபின் போடும் ஊசி வேறு. வருமுன் போடும் தடுப்பூசி வேறு. போலியோவுக்கு வாயில் சொட்டாகவும் கொடுப்பார்கள். அது தடுப்பு மருந்து. உயிரியலில் நாம் படிக்கும் ‘நிர்ப்பீடனம்’ நோயை எதிர்க்க உடல் பெறும் ஆற்றல். ஊசி ஏற்றிய அன்றே அது வந்துவிடாது. உருவாக நாட்கள் செல்லும்.

‘வக்சீன்’ என்ற சொல் பசுவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 1796இல் எட்வர்ட் ஜென்னர், பசுக்களுக்கு வரும் அம்மையைக் கொண்டு பெரியம்மையைத் தடுத்துக் காட்டினார். அந்தக் கதை தெரியாதவருக்கு ‘வக்சீன்’ எதையும் சொல்லாது. ‘தடுப்பூசி’ தன் வேலையைத் தானே சொல்கிறது. அதில் பாதியை ஏன் விழுங்க வேண்டும்?

2017 முதல் நம் நாட்டில் தரம் 6 மாணவிகளுக்கு இத்தடுப்பூசி வழங்கப்படுகிறது. தங்கைகளே, கடிதம் வந்தால் முழுப் பெயரையும் உம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். உம்மம்மாவுக்கும் கேட்கும்படி வாசியுங்கள்.