கத்தரிக்கோலைக் கேளுங்கள்!

ஹாலிவுட்டின் 'ஷால் வி டான்ஸ்?' 2004-ல் வந்தபோது, "ஜப்பானிய அசல் மாதிரி வருமா?" என்று உதட்டைப் பிதுக்கினார்கள் விமர்சகர்கள் பலர். நியாயம்தான்.

மஸாயுகி சுவோ 1996-ல் எடுத்த அசலில் நாயகன் ஒரு கணக்காளர். வீட்டுக் கடன், மனைவி, மகள், தினமும் ரயில். ஜோடி சேர்ந்து ஆடுவதென்றாலே முகம் சுளிக்கிற ஊர். எனவே மனைவிக்கே தெரியாமல் டான்ஸ் கிளாஸ் போகிறார். அந்த வெட்கம்தான் படத்தின் மூலதனம். சிகாகோ வக்கீல் ரிச்சர்ட் கியர் எதற்காக ஒளிந்து ஆட வேண்டும்? 'எல்லாம் இருந்தும் இன்னும் சந்தோஷம் கேட்கக் கூச்சம்' என்கிறது ரீமேக். சால்ஜாப்பு!

ஆனால் என் கோபம் கியர் மீது இல்லை. அசலை 1997-ல் அமெரிக்காவில் வெளியிட்டது மிராமாக்ஸ். 136 நிமிடப் படத்தை 119 நிமிடமாக நறுக்கித்தான் காட்டியது. அப்படியும், சப்டைட்டிலோடு, 90 லட்சம் டாலருக்கு மேல் வசூல். ரீமேக் எடுத்ததும் அதே மிராமாக்ஸ்தான்!

முதலில் கத்தரிக்கோல், அப்புறம் ஜெராக்ஸ். ரசிகனுக்குப் பொறுமை இல்லை என்று யார் சொன்னது? ஜனங்கள் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து, படித்துப் பார்த்தார்களே! அவர்களுக்கு முழுப் படத்தைக் காட்டாமலே, நகலை நீட்டியிருக்கிறார்கள்.

நகலைத் திட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அசலுக்கு விழுந்த வெட்டையும் சேர்த்துக் கேளுங்கள் சார்!