சுன்னாகத்துக் கிணறும் வோட்டர்லூப் பட்டமும்

ஊரிலுள்ள பெற்றோருக்கும், உயர்தரம் எடுக்கும் பிள்ளைகளுக்கும், சனசமூக நிலையத்தாருக்கும், பழைய மாணவர் சங்கத்தாருக்கும் ஸ்காபரோவிலிருந்து ஒரு திறந்த மடல்.

ஒன்ராறியோவின் வோட்டர்லூப் பல்கலைக்கழகத்தில் 2008 முதல் ஒரு பட்டப்படிப்பு நடக்கிறது. பெயர் ‘நொலெட்ஜ் இன்ரகிறேஷன்’. நாலு வருடப் படிப்பு. சுற்றாடல் பீடத்தின் கீழ் வருகிறது. மூன்றாம் ஆண்டில் பிள்ளைகள் குழுக்களாகச் சேர்ந்து ஒரு கண்காட்சியைத் தாங்களே யோசித்து, வரைந்து, கட்டி, ஊர்ச்சனத்துக்குத் திறந்து காட்ட வேண்டும். விஞ்ஞானம் படித்த பிள்ளை ஆறாம் வகுப்புச் சிறுவனுக்கும் விளங்கும்படி எழுதப் பழக வேண்டும். எழுதத் தெரிந்த பிள்ளை அளவுநாடாவைத் தூக்க வேண்டும். கடைசி ஆண்டில் ஒவ்வொருவரும் தனியாக ஓர் ஆய்வு செய்ய வேண்டும்.

இந்தப் படிப்புக்குப் பேரப்பிள்ளை எடுபட்ட செய்தியை ஊருக்கு எடுத்துச் சொன்னால் மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தம் இராது. பிறகு வரும் கேள்வி எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: “அப்ப டொக்டரும் இல்லை, எஞ்சினியரும் இல்லையோ?”

கேட்பவர்களில் பிழையில்லை. இலங்கையில் பதினாறு வயதிலேயே பிள்ளையின் பாதை பிரிந்துவிடுகிறது. உயிரியல், கணிதம், வணிகம், கலை என்று நாலு வாசல்; 2013இல் தொழினுட்பம் என்று இன்னொன்று திறந்தது. அதன்பிறகு இஸட் புள்ளி, மாவட்ட வெட்டுப்புள்ளி. கம்பஸ் போன பிறகும் ஒரு சல்லடை உண்டு. முதலாம் ஆண்டுப் பெறுபேறு நல்லாயிருந்தால் நாலு வருடச் சிறப்புப் பட்டம், இல்லாவிட்டால் மூன்று வருடப் பொதுப் பட்டம். இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் பொதுப் பட்டம் ஐந்தாம் படி, சிறப்புப் பட்டம் ஆறாம் படி. ஒன்றுக்கு 90 திறமைப்புள்ளி, மற்றதற்கு 120. ஆக, பல பாடம் சேர்த்துப் படிப்பதென்பது அங்கே மிஞ்சியவர்களுக்கு விழும் பங்கு.

பொதுப் பட்டத்தின் கோளாறு பாடங்கள் பலவாக இருப்பதால் வந்ததல்ல. தமிழ், புவியியல், பொருளியல் என்று மூன்று பாடம் எடுத்த மாணவிக்கு மூன்று துறையும் மூன்று தீவு. புவியியல் விரிவுரையாளருக்குப் பொருளியலில் என்ன நடந்ததென்று தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. மூன்றையும் ஒரே கேள்வியில் கொண்டுவந்து முட்டவைக்கும் பாடம் ஒன்று, ஒரு வழிகாட்டி, ஒரு கடைசி ஆண்டு வேலை: இவை இல்லாமல் பட்டம் கையில் வருகிறது. 2017இல் யாழ்ப்பாணம் கச்சேரிக்கு முன்னாலும் மட்டக்களப்பிலும் பந்தல் போட்டு இருந்த வேலையற்ற பட்டதாரிகளில் கலைப் பட்டதாரிகள் நிறையப் பேர். அந்தப் பிள்ளைகளைச் சோம்பேறிகள் என்று திட்டியவர்களும் நம்மிடையே இருந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

துறைகளை இணைக்கும் படிப்பு எதற்கு என்று கேட்டால், விடை சுன்னாகத்துக் கிணறுகளில் இருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் ஓடும் தண்ணீர். மேலே ஊற்றுவது கீழே போய்ச் சேரும். சேர்ந்தது பக்கத்துக் காணிக்கும் போகும். 2014 முடிவிலும் 2015இலும் அங்குள்ள மின்நிலையத்தின் கழிவெண்ணெய் கிணற்று நீரில் கலந்துவிட்டது என்ற கூக்குரல் எழுந்தபோது என்னென்ன அறிவு தேவைப்பட்டது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எண்ணெய் எந்தப் பக்கமாக நகரும் என்று சொல்லப் புவிச்சரிதவியல். மாதிரியை எப்படி எடுப்பது, எந்த அளவு ஆபத்து என்று சொல்ல இரசாயனமும் மருத்துவமும். பொறுப்பாளி யார் என்று நிறுவச் சட்டம். ஆய்வறிக்கைகள் ஒன்றோடொன்று முட்டியபோது, குழந்தைக்கு இந்தத் தண்ணியைக் கொடுக்கலாமா என்று கேட்ட தாய்க்கு நேர்மையாகத் தமிழில் விளக்க எழுதத் தெரிந்த ஒருவர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது; 2019 ஏப்ரலில் மின்நிலைய நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டுமெனத் தீர்ப்பு வந்தது. ஒவ்வொரு துறையிலும் கெட்டிக்காரர் நம்மிடம் இருந்தார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் மொழிக்கு மாற்றிச் சொல்லக்கூடியவர்கள்தான் குறைவு.

இப்படியான ஆட்கள் நமக்குப் புதிதில்லை. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி, மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர், யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் படிப்பித்த ஆசிரியர், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்றுகாதையை வைத்து, மறைந்துபோன யாழைக் கணிதத்தாலும் ஒலியியலாலும் மீட்டெடுக்க அவர் எழுதிய ‘யாழ் நூல்’ 1947இல் வெளிவந்தது. தமிழ் மட்டும் தெரிந்தவராலும் அதை எழுத முடியாது, பௌதிகம் மட்டும் தெரிந்தவராலும் முடியாது. அவருக்கும் முன்னால் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் தமிழும் ஆங்கிலமும் கணிதமும் வானசாத்திரமும் ஒரே பிள்ளைக்குக் கற்பிக்கப்பட்டன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் அங்கே படித்தவர்கள். தாமோதரம்பிள்ளை சட்டமும் படித்தார், ஏட்டுச் சுவடியும் பதிப்பித்தார்.

இனிக் கனடாவில் இருப்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘பொது’ என்ற ஒரே சொல்லுக்குள் இங்கே பலவிதமான படிப்பு அடங்குகிறது.

ஹமில்டனிலுள்ள மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1981இல் தொடங்கிய கலை-விஞ்ஞானப் பட்டம் மிகக் கடினமானது. ஆண்டுக்கு நூறு பேர்கூட எடுக்கப்படுவதில்லை. நுண்கணிதம், பௌதிகம், புள்ளிவிபரவியல், வாதம் செய்யவும் எழுதவும் பயிற்சி, அரசியற் சிந்தனை எல்லாம் எல்லோருக்கும் கட்டாயம். ‘கணிதம் ஓடாது, அதனால் பொதுவாக ஏதாவது’ என்று வருபவருக்கு அங்கே இடமில்லை.

ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் முறை வேறு. பட்டத்துக்கு 20 கிறடிற். அதற்குள் ஒரு துறையில் ஆழமாகப் போகலாம், இரண்டு பிரதான பாடம் எடுக்கலாம், அல்லது ஒரு பிரதான பாடத்தோடு இரண்டு துணைப்பாடம் சேர்க்கலாம். மொழியியலோடு புள்ளிவிபரவியல், வரலாற்றோடு சுற்றாடல் என்று பிள்ளைகள் கோத்துக் கொள்கிறார்கள். ஆனால் கணினி விஞ்ஞானம் போன்றவற்றில் இடம் மட்டு. ஆசைப்பட்ட எல்லோருக்கும் கிடைக்காது.

மூன்றாவது வகை வளர்ந்தவர்களுக்கானது. அல்பேர்ட்டாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகம் தொலைக்கல்வியில் 90 கிறடிற் கொண்ட பொதுப் பட்டம் தருகிறது; வேறிடங்களில் படித்துச் சேர்த்த கிறடிற்களையும் ஏற்றுக்கொள்கிறது. எல்லைக்கு அப்பால் நியூயோர்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகம் 1947இல் ‘ஜெனரல் ஸ்ரடீஸ்’ கல்லூரியை ஆரம்பித்ததே போர்முனையிலிருந்து திரும்பியவர்களை மனதில் வைத்துத்தான். 1983 கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்தவர்களில் படிப்பு பாதியில் அறுந்தவர்கள் எத்தனையோ பேர். தொழிற்சாலையில் இரவு வேலை செய்து பிள்ளைகளைப் படிப்பித்த அவர்களுக்கு இந்த வழியை யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய நிலையில் இருந்த சங்கங்கள் அப்போது விளையாட்டுப் போட்டி நடத்திக்கொண்டிருந்தன.

மருத்துவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மக்மாஸ்டர் மருத்துவபீடம் விண்ணப்பிப்பவர் இன்ன பாடம்தான் படித்திருக்க வேண்டும் என்று கேட்பதில்லை. மெய்யியல் படித்தவரும் விண்ணப்பிக்கலாம். இதைக் கேட்டுத் துள்ள வேண்டாம். ஏறத்தாழ 200 இடத்துக்கு ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நிற்கிறார்கள், பாடம் எதுவானாலும் போட்டி கடுமை.

எந்தப் பொதுப் பட்டமும் யாரையும் பொறியியலாளர் ஆக்காது. அதற்கு அங்கீகாரம் பெற்ற பொறியியற் பட்டம் வேண்டும். ஒன்ராறியோவில் உயர்வகுப்பு ஆசிரியராக வருவதற்கும், பட்டத்துக்குப் பிறகு 2015 முதல் இரண்டு வருடமாகிவிட்ட ஆசிரியப் பயிற்சியில் சேர, கற்பிக்கப்போகும் இரண்டு பாடத்திலும் போதிய கிறடிற் சேர்த்திருக்க வேண்டும். கலந்து படிக்கும் பிள்ளை இதை முதலாம் ஆண்டிலேயே கணக்குப் பார்க்காவிட்டால் நாலாம் ஆண்டில் அழ நேரிடும்.

காணி விற்றுப் பிள்ளையை இங்கே அனுப்ப யோசிப்பவர்களுக்கு வேறு கணக்கு. வெளிநாட்டு மாணவருக்கு ரொறன்ரோவில் கலை, விஞ்ஞானப் படிப்புக்கான கட்டணமே ஆண்டுக்கு 60,000 கனேடிய டொலர் அளவில் வரும். தங்குமிடமும் சாப்பாடும் அதற்கு மேல். 2024 ஜனவரியில் கனடா அரசு மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பும் போட்டுவிட்டது. அந்தக் காசுக்கு இப்படியொரு பட்டம் தேவையா என்றால், தேவையில்லை என்பதே இந்த மடலின் கருத்து. இங்குள்ள முறையில் எடுத்துக்கொள்ள வேண்டியது பல துறையை ஒரே கேள்வியில் சேர்க்கும் கட்டமைப்பைத்தான். அதற்கு விசா வேண்டாம்.

ஊர்ப் பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாக்களில் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் எடுபட்டவர்களுக்கு மேடையும் மாலையும் மடிகணினியும் கிடைக்கின்றன. கலைப்பீடத்துக்குப் போகும் பிள்ளையின் பெயர் கடைசிப் பக்கத்துப் பட்டியலில் வரும். பழைய மாணவர் சங்கத்தின் ரொறன்ரோக் கிளை அனுப்பும் பணத்தில் ஒரு பங்கை இப்படிச் செலவழிக்கலாம்: வெவ்வேறு பீடங்களில் படிக்கும் மூன்று பிள்ளைகள் சேர்ந்து ஊரின் ஒரு பிரச்சினையை ஒரு வருடம் ஆராயட்டும். விவசாயபீடத்துப் பிள்ளை, புவியியல் படிக்கும் பிள்ளை, சட்டமோ தமிழோ படிக்கும் பிள்ளை. உரமும் கிணற்று நைத்திரேற்றும் ஒரு விஷயம். தூர்ந்த குளங்கள் இன்னொன்று. முடிவைச் சனசமூக நிலையத்தில் எல்லோருக்கும் முன்னால் தமிழில் சொல்ல வேண்டும், கேள்விக்குப் பதிலும் சொல்ல வேண்டும். காசைத் தவணையாகக் கொடுங்கள். கடைசித் தவணை அந்தக் கூட்டத்துக்குப் பிறகு.

வழிகாட்ட முன்வரும் விரிவுரையாளர்களிடம் சங்கச் செயலாளர் முதலில் பேசிப் பார்க்கட்டும். இங்கே காசு சேர்ப்பவர்களுக்கு ஒரு பக்கத் திட்டமும் செலவு மதிப்பீடும் போதும்.

இப்படிக்கு,
ஸ்காபரோவில் குடியிருக்கும் உங்கள் ஊரவர் ஒருவர்