முதலில் டயர், பிறகு அழகு

நம்மிடம் பயின்று, மேற்படிப்புக்காகக் கியூபெக் சென்ற பிள்ளை, பழைய டொயோட்டா 86 மகிழுந்து வாங்கியதாகச் சொன்னால், பெற்றோர் முதலில் கேட்க வேண்டியது அதன் வேகத்தையன்று; குளிர்கால டயருக்குப் பணம் ஒதுக்கினாயா என்பதையே. ஆண்டு முழுதும் ஒரே டயரில் ஓடும் நமக்கு இக்கேள்வி எளிதில் தோன்றாது.

வெப்பநிலை ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழிறங்கினால் கோடைக்கால டயரின் இரப்பர் இறுகும், பிடிமானம் குன்றும். பின்சக்கரங்களால் இயங்கும் இவ்வகை வண்டிக்கு இஃது இரட்டை இடர். அங்கே திசம்பர் 1 முதல் மார்ச்சு 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம்.

செலவைக் குறைக்க வழியுண்டு. 17 அங்குல அலாய் ரிம்களைக் கழற்றி வைத்துவிட்டு, 16 அங்குல இரும்பு ரிம்களில் 205/55 அளவு டயர்களைப் பூட்டலாம். மொத்த விட்டம் ஏறத்தாழ 1 விழுக்காடே மாறும். விலையும் பெரும்பாலும் குறைவு. பெரிய பிரேக் பூட்டிய வண்டியாயின் சிறிய ரிம் உரசக்கூடும். வாங்குமுன் பொருத்திப் பார்த்தல் வேண்டும். தனி ரிம் இருப்பின், பருவந்தோறும் ரிம்மிலிருந்து டயரைப் பிரித்து மாட்டும் கூலியும் மிச்சம். வண்டியின் அழகு குன்றும்தான், குன்றட்டுமே!

பின்சக்கரங்களுக்கு மட்டும் வாங்குவது சிக்கனமாகாது. முன்சக்கரங்கள் பிடிக்காவிடில் வளைவில் வண்டி திரும்பாது. நான்கும் வேண்டும். டயரின் பக்கச்சுவரில் மும்முகட்டு மலையும் பனித்துகளும் பொறித்த முத்திரை உள்ளதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.