செந்துருத்திக்குச் சொந்த ஊர்

கள்ளக்குறிச்சி என்றதும் வெளியூரார் நினைவுக்கு வருவது எது? 2024 ஜூன் திங்களில் கள்ளச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த செய்தி. கல்வராயன் மலை என்றால்? சாராய ஊறல். அப்படிப் பழகிவிட்டது உலகம். அதே மாவட்டத்தில், உளுந்தூர்ப்பேட்டைக்குப் பக்கத்தில், திருநாவலூர் என்றோர் ஊர் இருப்பதும், தேவாரம் பாடிய மூவரில் ஒருவரான சுந்தரர் பிறந்த ஊர் அதுவே என்பதும், தமிழ்ப் பண்களில் ஒன்று அவர் பாட்டிலே மட்டுமே உயிர் பிழைத்து நிற்கிறது என்பதும் எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்தப் பண்ணின் பெயர் செந்துருத்தி. தேவாரத்தில் சம்பந்தரிடம் அது இல்லை, அப்பரிடம் இல்லை. சுந்தரர் திருவாரூரில் பாடிய ஒரே ஒரு பதிகத்தில் இருக்கிறது. இன்று வித்துவான்கள் கச்சேரியை நிறைவு செய்ய விரும்பி எடுக்கிறார்களே மத்தியமாவதி, அதுதான் செந்துருத்தி என்கிறது ஓதுவார் மரபு. தக்கேசியைக் காம்போதி என்கிறோம். பழம்பஞ்சுரத்தைச் சங்கராபரணம் என்கிறோம். பிள்ளை நம் வீட்டுப் பிள்ளை, பெயர் மட்டும் அடுத்த வீட்டார் இட்ட பெயர்!

"பகுத்தறிவு பேசும் ஏடு பதிகத்துக்குப் பரிந்து பேசலாமா?" என்று சில குறும்பர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். நாம் பரிந்து பேசுவது பண்ணுக்கு. அதைத் தாங்கி வந்த தமிழுக்கு. நம்பிக்கை அவரவர் உரிமை. பாட்டு, நாட்டின் உடைமை.

பாட்டைப் பறிகொடுத்து மீட்கப் புறப்பட்டவர்கள் நாம் மட்டுமல்ல. உக்ரைன் நாட்டைப் பாருங்கள். 1876ஆம் ஆண்டு, ருசிய மன்னன் இரண்டாம் அலெக்சாந்தர், எம்ஸ் என்ற ஜெர்மானிய ஊற்று நகரில் உடம்பைத் தேற்றிக்கொண்டிருந்த நேரத்தில் ஓர் ஆணையில் கையெழுத்திட்டான். உக்ரைன் மொழியில் புத்தகம் கூடாது, நாடகம் கூடாது, இசைக் குறிப்பின் கீழே அந்த மொழிச் சொற்களை அச்சிடவும் கூடாது! மைக்கோலா லைசென்கோ என்ற இசைப் புலவர் அடங்கினாரா? மக்கள் கவிஞர் செவ்சென்கோவின் கவிதைகளுக்கு எண்பதுக்கும் மேற்பட்ட இசையமைப்புகளைத் தந்தார். கவிஞன் சொல், ஒற்றைக் குரல், பக்கத்தில் பியானோ. அவ்வளவுதான் அந்தப் பாட்டு.

ஜார் போனான், ஸ்டாலின் வந்தான். பார்வின்ஸ்கி என்ற இசைப் புலவர் 1948இல் கைது செய்யப்பட்டுப் பத்தாண்டு முகாமில் வதைபட்டார். அவருடைய கைப்படிகள் அழிக்கப்பட்டன. மீண்டு வந்த முதியவர் என்ன செய்தார் தெரியுமா? அழிந்த இசையை நினைவிலிருந்தே மறுபடி எழுத உட்கார்ந்தார்! 2004ஆம் ஆண்டு, இங்கிலாந்தில் பிறந்த உக்ரைனியப் பாடகர் பாவ்லோ ஹுன்கா, தம் முன்னோரின் இந்தக் கலைப் பாடல்களைத் தேடியெடுத்து ஒலிப்பதிவு செய்யும் பணியைத் தொடங்கினார்.

இங்கே ஜாரும் இல்லை, ஆணையும் இல்லை. ஆணையின்றியே காரியம் நடந்தது! அருணாசலக் கவிராயர் பிறந்தது 1711இல். தியாகராசர் பிறந்தது 1767இல். கவிராயருக்கும் முன்னவர் முத்துத்தாண்டவர். இருந்தும் சபா மேடையில் தமிழ்ப் பாட்டுக்குக் கிடைத்த இடம், கச்சேரியின் கடைசியில் 'துக்கடா'. பந்தி முடிந்தபின் வீட்டுக்காரனுக்கு இலை போட்ட கதை! 1941இல் அண்ணாமலை அரசர் சிதம்பரத்தில் தமிழிசை மாநாடு கூட்டினார். 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் எழுந்தது. உடனே "இசைக்கு மொழி ஏது?" என்று தத்துவம் பேசினார்கள். மொழி இல்லை என்றால் தமிழில் பாடினால் மட்டும் ஏன் கசந்தது? 1946இல் திருவையாற்றில் தண்டபாணி தேசிகர் தமிழ்ப் பாட்டுப் பாடியபோது மேடையே தீட்டுப்பட்டதாகச் சொன்னார்கள் என்று, அன்று இளைஞரான கலைஞர் 'தீட்டாயிடுத்து' என்று தலைப்பிட்டுக் 'குடிஅரசு' ஏட்டில் சாடினாரே, அந்தச் சூடு மறக்கக் கூடியதா?

அந்தப் போரில் பாதி வென்றோம். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் இன்று தேவாரம் ஒரு பாடம். மகிழ்ச்சி. மறுபாதி? செந்துருத்திக்கு ஐந்தே சுரங்கள்: ச, ரி, ம, ப, நி. அதன் ஏற்றத்தையும் இறக்கத்தையும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடக் கற்றுத்தர ஒரு திங்கள் போதும். திருநாவலூர்ப் பள்ளியிலே அது ஒலிக்க வேண்டாமா? உளுந்தூர்ப்பேட்டையிலே, திருக்கோவலூரிலே ஒலிக்க வேண்டாமா?

ஏட்டில் ஏறிய பாட்டுக்கே இந்த நிலை என்றால், ஏறாத பாட்டின் கதி என்ன? கல்வராயன் மலையில் மலையாளி மக்கள் வாழ்கிறார்கள். 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் கிடந்த மலை அது. சாலையும் பள்ளியும் மருத்துவமும் அவர்களுக்குப் பிந்தியே வந்தன. விதைப்புக்கும் மணத்துக்கும் சாவுக்கும் அவர்களிடம் பாட்டு உண்டு, சேர்வையாட்டம் உண்டு. மலைக்கு வடக்கே செங்கத்து நன்னனைப் பாடிய மலைபடுகடாம், கூத்தர் சுமந்து சென்ற முழவையும் ஆகுளியையும் தூம்பையும் குழலையும் எண்ணிக்கொண்டுதான் தொடங்குகிறது. அந்த நிலத்து மக்களின் பாட்டு, பாடும் கிழவியோடு சுடுகாட்டுக்குப் போக நாம் விடலாமா? பார்வின்ஸ்கிக்காவது எழுதத் தெரிந்திருந்தது. நம் பாட்டிக்கு நினைவு ஒன்றுதான் ஏடு.

ஆகவே கலை பண்பாட்டுத் துறையையும் பள்ளிக் கல்வித் துறையையும் கேட்கிறோம்: ஒலிப்பதிவுக் கருவியோடு மலையேறுங்கள். பாடுகிறவரின் பெயரையும் ஊரையும் பாட்டோடு சேர்த்துப் பதியுங்கள். பாடியவருக்கு நாள் கூலிக்குக் குறையாத சன்மானம் கொடுங்கள். பதிந்ததைச் சென்னையில் பூட்டி வைக்காமல் மலைப் பள்ளிகளுக்கே முதற்படியை அனுப்புங்கள். மழைக் காலம் முடிந்து அறுவடை தொடங்கும்போது பாட்டு தானே வரும். அதற்குள் ஆட்களை அமர்த்தி, வெள்ளிமலையில் வேலையைத் தொடங்கலாம்.