கொழும்பில் கடைவீதி

ஜீயபுரத்தில் காலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பி, பொழுது சாய்வதற்குள் கொழும்பில் புடவைக்குப் பேரம் பேசலாம் என்றால் என் பாட்டி நம்பியிருக்க மாட்டாள். அவள் காலத்தில் திருச்சியில் போட் மெயில் ஏறவேண்டும், தனுஷ்கோடியில் கப்பல், தலைமன்னாரில் மறுபடியும் ரயில். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியையே வாரிக்கொண்டு போய்விட்டது. இன்று திருச்சியில் விமானம் ஏறினால், ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான்!

கோடை விடுமுறையில் எதிர்வீட்டு அத்தையும் நானும் போய் வந்தோம். பௌர்ணமியன்று மட்டும் கடைக்குக் கிளம்பிவிடாதீர்கள், சகோதரிகளே. அங்கே அது போயா விடுமுறை.

புறக்கோட்டையில் புடவை விலையைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. நம் ஒரு ரூபாய்க்கு அவர்கள் ரூபாய் மூன்றுக்கு மேல் என்பது நினைவு வந்த பிறகே மூச்சு வந்தது. செட்டியார் தெருவில் நகைகளைக் கண்ணால் பார்த்ததோடு சரி. சுங்க அதிகாரிக்குப் பதில் சொல்ல யாரால் முடியும்? பட்டை வாங்குங்கள். காகிதம் போல மெல்லிய சுருள்களாக, ஒன்றுக்குள் ஒன்று அடங்கியிருக்கவேண்டும். தடித்த ஒற்றைச் சுருளானால் அது வேறு சரக்கு.

தேயிலைக் கடையில்தான் வேடிக்கை. சிங்க முத்திரை போட்ட பொட்டலத்தைப் பார்த்து நான் பணத்தை எடுத்துவிட்டேன். அத்தை தடுத்தாள். திறந்திருந்த டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து, முகர்ந்து, "இது தூள். இலையைக் காட்டுங்க" என்றாள்.

"அம்மா எங்கே பழகினீங்க?" என்றார் கடைக்காரர்.

"அட்டன் பக்கம். எங்கம்மா கொழுந்து பறிச்சவங்க."

1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பம் அவளுடையது. கப்பலில் ராமேசுவரம் வந்து இறங்கியபோது அவளுக்கு ஒன்பது வயதாம். இத்தனை வருஷம் எதிர்வீட்டில் இருந்தும் எனக்கு இது தெரியாது!

கடைக்காரர் உள்ளே போய் வேறொரு டப்பாவைக் கொண்டுவந்தார். விலையை மட்டும் குறைக்கவில்லை. அத்தையும் கேட்கவில்லை, என்னிடம் மெதுவாக, "அம்மா பறிச்சதை நாங்க குடிச்சதில்லடி. வீட்டுக்கு வந்தது தூசிதான்" என்றாள். பேரன் பேத்திகள் எழுதிக் கொடுத்த ஜாபிதாவில் பாதியை அடித்துவிட்டு, அந்தப் பணத்துக்கும் தேயிலையே வாங்கினாள்.

ஊர் திரும்பிய மறுநாள் காலை அவள் வீட்டில் அழைப்பு. மாமா தம்ளரைப் பார்த்துவிட்டு, "பால் எங்கே?" என்றார்.

"இதுக்குப் பால் வேண்டாம்" என்றாள் அத்தை.