கறை பட்ட சீட்டைக் கிழிக்காதீர்கள்!

மழை ஓய்ந்த பிறகு, ஷெட்டில் நிற்கும் பழைய காரின் கதவைத் திறக்கிறார் ஏலக்காய் வியாபாரி. குப்பென்று பூஞ்சை வாடை! பின் சீட்டுத் துணியில் தாம்பாளம் அகலத்துக்குப் பழுப்பு வளையம். பக்கத்தில் நிற்கும் டிரைவர் உடனே தீர்ப்புச் சொல்லி விடுகிறார்.

"இது தேறாது முதலாளி. பிச்சுப் போட்டுட்டு புது ரெக்சின் அடிச்சிருவோம்."

அவ்வளவுதான். கம்பெனியில் இருந்து வந்த அசல் துணி அன்று மாலையே குப்பைக்குப் போகிறது. இது தேவையா? தேவையே இல்லை! தண்ணீர்க் கறையைப் பெரும்பாலும் போக்கி விடலாம். கிழித்த துணி திரும்பி வராது. அந்த நெசவும் அந்த நிறமும் இன்று எந்தக் கடையிலும் கிடைக்காது.

ஜீப் வேறு, கார் வேறு

போடிநாயக்கனூர் ஜீப் ஊர். விடிவதற்குள் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக் கொண்டு மலை ஏறும் ஜீப்புகள் இந்த ஊரின் அடையாளம். ஜீப்பில் இருப்பது ரெக்சின் சீட்டு. சேறு பட்டால் ஒரு வாளித் தண்ணீர், ஒரு பழந்துணி. வேலை முடிந்தது.

அதே வாளியைத் துணி சீட்டில் கவிழ்ப்பதுதான் தப்பு. துணிக்குக் கீழே பஞ்சு, தேங்காய் நார், ஸ்பிரிங் எல்லாம் இருக்கின்றன. அவை குடித்த தண்ணீர் லேசில் காயாது.

ஊரின் அமைப்பும் ஒரு காரணம். போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவு. மேலே சாரலும் பனிமூட்டமும். கீழே இறங்கினால் வெயில். மேலே நனைந்த வண்டியைக் கீழே கொண்டு வந்து, கண்ணாடியை ஏற்றிப் பூட்டி விட்டுப் போகிறார்கள். ஈரம் உள்ளேயே புழுங்குகிறது. பூஞ்சைக்கு விருந்து!

வளையம் ஏன்?

காபி சிந்திக் காய்ந்தால் நடுவில் வெளுப்பு, ஓரத்தில் கறுப்புக் கோடு. ஏன் இப்படி? சிகாகோ பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 1997-ம் ஆண்டில் காரணம் சொன்னார்கள். துளியின் ஓரம்தான் வேகமாகக் காய்கிறது. அந்த இடத்தை ஈடு செய்ய நடுவில் இருக்கும் தண்ணீர் ஓரத்துக்கு ஓடுகிறது. கூடவே தூளையும் இழுத்துப் போய் அங்கே போட்டு விடுகிறது.

சீட்டுத் துணியிலும் ஏறக்குறைய இதே கதைதான். பல வருஷத்துத் தூசி, தண்ணீரில் உள்ள உப்பு, கீழே உள்ள நாரின் சாயம் எல்லாம் ஈரத்தின் எல்லைக் கோட்டில் போய்ப் படிகின்றன. தண்ணீர் வெறும் கூட்டாளி. உண்மையான குற்றவாளி அழுக்கு!

அதனால்தான் கறையை மட்டும் தேய்த்தால் போவதில்லை. பழைய வளையத்துக்கு வெளியே புது வளையம் விழுகிறது.

முதலில் ஓட்டை

திருடன் வந்த வழியை அடைக்காமல் பூட்டு வாங்கி என்ன பயன்? முதலில் ஒழுகும் இடத்தைப் பிடிக்க வேண்டும். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும். இன்னொருவர் வெளியே மெதுவாகத் தண்ணீர் விடட்டும். முன் கண்ணாடியின் ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும். அல்லது கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளை சருகும் மண்ணுமாக அடைத்திருக்கும். கால் மிதியையும் தூக்கிப் பார்க்க வேண்டும். சீட்டுக் கறை கண்ணுக்குத் தெரியும். தளத்தைத் தின்னும் துரு தெரியாது.

வைத்தியம் இதுதான்

முதலில் உலர்ந்த நிலையில் மெல்லிய பிரஷ்ஷால் தூசியை எடுக்க வேண்டும். தூசி மேல் தண்ணீர் பட்டால் சேறு.

அடுத்தது சோதனை. கண்ணில் படாத மூலையில் ஈரமான வெள்ளைத் துணியைப் பத்து நிமிஷம் அழுத்தி வைக்க வேண்டும். சாயம் ஒட்டினால் அதோடு நிறுத்தி, விவரம் தெரிந்தவரிடம் போவதே நல்லது.

சாயம் நின்றால் தைரியமாக இறங்கலாம். உப்புத் தண்ணீர் கூடாது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும். கறையில் மட்டும் அல்ல, ஒரு தையலில் இருந்து அடுத்த தையல் வரை முழுப் பகுதியிலும் பனி போலத் தெளிக்க வேண்டும். பிறகு வெள்ளைத் துவாலையால் ஒற்றி எடுக்க வேண்டும். தேய்க்கவே கூடாது. துவாலையில் பழுப்பு ஏறுவது நின்றால், கறை இறங்கி விட்டது என்று அர்த்தம்.

அப்படியும் பழுப்பு நின்றால், 1 பங்கு வெள்ளை வினிகருக்கு 4 பங்கு அதே தண்ணீர். இதையும் மூலையில் சோதித்த பிறகே தொட வேண்டும். கடைசியில் வெறும் தண்ணீரால் மறுபடி ஒற்ற வேண்டும். கதவுகளைத் திறந்து போட்டு, நிழலில் மின்விசிறி வைத்துக் காய விட வேண்டும். உச்சி வெயில் துணியின் நிறத்தைக் குடித்து விடும்.

பிளீச்சிங் பவுடர் பக்கமே போகக் கூடாது. அது சாயத்தைத் தின்னும், நூலை இற்றுப் போகச் செய்யும். வினிகரோடு கலந்தாலோ விஷ வாயு கிளம்பும்! உள்நார் வரை நனைந்து பூஞ்சை பிடித்திருந்தால் சீட்டைக் கழற்றி, மூக்கைத் துணியால் கட்டிக் கொண்டுதான் வேலை பார்க்க வேண்டும்.

பட்டுச் சேலைக்குப் பூந்திக்கொட்டை தேடுகிற வீட்டில், கார் சீட்டுக்கு மட்டும் சலவை சோடாவா?

சட்டம் காக்காது

50 வருஷம் தாண்டிய கார்களுக்குத் தனிப் பதிவு உண்டு என்று 2021-ல் மத்திய அரசு விதி செய்தது. சேஸிஸ், பாடி, என்ஜின் மாறாமல் இருக்கிறதா என்று அந்த விதி பார்க்கிறது. சீட்டுத் துணியைப் பற்றிப் பேச்சில்லை. அதைக் காப்பாற்ற வேண்டியவர் சொந்தக்காரர்தான்.

எந்த வண்டி நாளைக்குப் பொக்கிஷம் ஆகும் என்று யாருக்குத் தெரியும்? முதல் மாருதி 800 காரின் சாவியை 1983 டிசம்பர் 14-ந் தேதி இந்திரா காந்தி கொடுத்தார். அதே கார் பின்னாளில் வெயிலிலும் மழையிலும் சீந்துவாரின்றிக் கிடந்தது. பிறகு செப்பனிடப்பட்டு, இப்போது கம்பெனியின் காட்சிப் பொருள்! 1983-ல் வந்த வண்டிக்கு 2033-ல் 50 வயது. போடியில் தார்ப்பாய்க்கு அடியில் தூங்கும் வண்டிகளுக்கும் அந்த நாள் வரும்.

ஈரத்தின் குணம் ஏலக்காய்க்காரர்களுக்குத் தெரியாததா? நூற்றுக்கு 80 பங்கு ஈரம் உள்ள காயை, பச்சை நிறம் போகாமல் பக்குவமாக உலர்த்தி 10, 12 பங்குக்குக் கொண்டு வருகிறவர்கள். அவசரப்பட்டால் நிறம் போகும், விலை போகும் என்று ஸ்டோரில் நிற்கும் பையனுக்குக் கூடத் தெரியும்.

காய்க்குக் காட்டும் அந்தப் பொறுமையில் கால் பங்கைக் காருக்குக் காட்டினால் போதும். கத்திரிக்கோல் எடுக்க ஒரு நிமிஷம். அந்தத் துணியைத் திருப்பித் தர எந்தக் குஷன் கடையாலும் முடியாது!